கரி பஸ்ஸின் பேரன்

எங்கள் குடும்பத்துக்கும் பெட்ரோலுக்கும் மூன்று தலைமுறைப் பகை. பெட்ரோலுக்குத்தான் இந்த விஷயம் இன்னும் தெரியாது.

தாத்தாவிலிருந்து ஆரம்பித்துவிடுகிறேன். அப்போதுதான் பழி என் ஒருவன் தலையில் விழாது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் நம் பக்கத்து பஸ்களெல்லாம் கரி பஸ்ஸாக மாறிய கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லியிருப்பார்கள். பஸ்ஸின் பின்னால் ஆளுயரத்துக்கு ஒரு இரும்பு அடுப்பு. அதில் அடுப்புக்கரியைக் கொட்டி மூட்டி, ஒருவர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்று கொடுக்க, அதிலிருந்து வரும் வாயுவில் இன்ஜின் ஓட வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ஜவுளி மூட்டையோடு போய்வந்த என் தாத்தா, ஏழு மணி பஸ்ஸுக்கு ஐந்தரைக்கே போய் நிற்பாராம். இடம் பிடிக்க அல்ல, கைப்பிடி சுற்றுகிறவருக்குக் கை மாற்றிவிட. மேடு வந்தால் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். பெரிய மேடு என்றால் தள்ள வேண்டும். டிக்கெட் காசு மட்டும் முழுசாகக் கொடுக்க வேண்டும். தாத்தா ஒரு நாளும் அந்த பஸ்ஸைக் குறை சொன்னதில்லை. "வெள்ளைக்காரன் எண்ணெய் இல்லாம, நம்ம ஊரு சவுக்குக் கரியிலயே ஓட்டினோம்டா" என்பார். தள்ளினோம் என்று சொல்லவே மாட்டார்.

அடுத்து அப்பா. ராஜபாளையம் பக்கத்தில் ராமர் பிள்ளை என்பவர் மூலிகையிலிருந்து பெட்ரோல் எடுத்துவிட்டார் என்று 1996-ல் நாடே பேசியது ஞாபகம் இருக்கிறதா? டெல்லி வரை போய்ச் செய்து காட்டினார். அப்புறம் ஆய்வுக்கூடம், சிபிஐ, வழக்கு என்று அந்தக் கதை வேறு பக்கம் திரும்பியது. அது திரும்புவதற்குள் என் அப்பா அடுப்படிக்குத் திரும்பிவிட்டார். வேலியோரத்துக் குப்பைமேனி, நாயுருவி, ஆடாதொடை எல்லாவற்றையும் அம்மாவின் சோற்றுக் குண்டானில் போட்டுக் கொதிக்க வைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்புப் போட்டு, வடிகட்டி ஒரு டம்ளரை எங்கள் டிவிஎஸ் 50-க்கு ஊற்றினார். வண்டிக்குச் சளி இருந்திருந்தால் அன்றோடு குணமாகியிருக்கும். உயிர்தான் போனது.

நடுவில் திருவண்ணாமலைச் சித்தப்பா ஒருவர் வருகிறார். காட்டாமணக்கிலிருந்து டீசல் என்று மத்திய அரசும் மாநில அரசும் மேடை போட்டுப் பேசிய 2005, 2006 காலம். தரிசில் வளரும், தண்ணீர் கேட்காது, ஆடு கடிக்காது என்றார்கள். சித்தப்பா வேர்க்கடலையை நிறுத்திவிட்டு ஒன்றரை ஏக்கரில் நட்டார். சொன்ன மூன்றும் சத்தியமாக நடந்தது. வளர்ந்தது, தண்ணீர் கேட்கவில்லை, ஆடு கடிக்கவில்லை. தண்ணீர் கொடுக்காவிட்டாலும் காய்ப்பேன் என்று மட்டும் அது யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

இப்படிப்பட்ட பரம்பரையில் வந்தவன் சும்மா இருப்பானா?

என் பிழைப்பைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், அதில்தான் விசேஷம் இருக்கிறது. நான் வேலை பார்ப்பது வல்லம் வடகால் பக்கம் ஒரு சின்ன வெண்டார் கம்பெனியில், ஸ்டோர்ஸில். நாங்கள் தயாரிப்பது சைலன்சரைத் தாங்கிப் பிடிக்கிற பிராக்கெட். பெட்ரோல் எரிந்தால் புகை, புகை வந்தால் சைலன்சர், சைலன்சர் தொங்கினால் பிராக்கெட், பிராக்கெட் விற்றால் எனக்குச் சம்பளம். நான் மட்டுமல்ல, இந்த வட்டாரமே இன்ஜின் போட்ட சோறு. இருங்காட்டுக்கோட்டையில் 1996-ல் ஹூண்டாய் அடிக்கல் நாட்டி, 1998-ல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2010-ல் ஓரகடத்தில் ரெனோ-நிசான், அப்புறம் பாரத்பென்ஸ் லாரி, ராயல் என்ஃபீல்டு, டயர் கம்பெனிகள். ஏரிக்கரையில் மாடு மேய்த்த இடத்தில் இன்று ஷிப்ட் பஸ் திரும்புகிறது. ராமானுஜர் பிறந்த ஊர் என்று சொன்னால் பாதிப் பேருக்கு வழி தெரியாது, மொபைல் கம்பெனிக்குப் பக்கம் என்றால் ஆட்டோக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோய் விடுவார்.

இந்தச் சோற்றைத் தின்றுகொண்டே நான் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்க முடிவு செய்தேன். காரணம் தேசபக்தி. பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய் 63 காசு என்று வருஷம் முழுக்க அசையாமல் நின்ற நேரம் அது. நாம் சுத்திகரிக்கிற கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு என்று ஒரு கட்டுரையில் படித்தேன். மறுநாள் பங்கில் நின்றபோது, பம்பில் ஓடுகிற எண்களெல்லாம் கப்பலேறி வளைகுடாவுக்குப் போவதுபோல் தோன்றியது. "இனிமே நம்ம வீட்டுக் காசு ஒரு பைசா அரேபியாவுக்குப் போகக் கூடாது" என்று வீட்டில் அறிவித்தேன். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "பால்காரருக்கு மூணு மாசமா போகல, அதுக்கு என்ன பண்ணலாம்?" என்றாள்.

வாங்கின கதையே ஒரு தோல்வி. அது 2023 மே மாதம். மச்சான் போன் பண்ணி, "மாமா, ஜூன் ஒண்ணாம் தேதியோட மானியத்தைக் குறைக்கிறாங்க, இந்த மாசமே எடுத்துடுங்க" என்றான். பேட்டரியின் ஒரு யூனிட்டுக்கு 15,000 ரூபாய், வண்டி விலையில் 40 சதவீதம் வரை என்றிருந்த மத்திய மானியம், 10,000 ரூபாய், 15 சதவீதம் வரை என்று இறங்கப் போகிறது. நானும் கிளம்பினேன். மாமியார் தடுத்தார். "அக்னி நட்சத்திரத்துல வண்டி எடுப்பாங்களா மாப்பிள்ளை? வைகாசி விசாகத்தன்னிக்கு முருகன் சன்னதியில பூஜை போட்டு எடுங்க." மாமியார் சொல்லைத் தட்டாத மாப்பிள்ளை நான். அந்த வருஷம் வைகாசி விசாகம் ஜூன் இரண்டாம் தேதி வந்தது. வல்லக்கோட்டை முருகன் சன்னதியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். அந்த இரண்டு நாள் தாமதத்துக்கு இருபதாயிரத்துக்கு மேல் கொடுத்திருந்தேன். முருகனுக்கு இதில் பங்கு கிடையாது என்று தெளிவுபடுத்திவிடுகிறேன்.

கம்பெனிக்கு ஓட்டிக்கொண்டு போன முதல் நாள், பார்க்கிங்கில் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். ஃபிட்டர் ஒருவர் குனிந்து வண்டியின் அடிவயிற்றைத் தடவித் தேடினார். "என்ன சார் தேடறீங்க?" என்றேன். "நம்ம பிராக்கெட்டைத்தான்" என்றார். அன்று கேன்டீனில் என் தட்டில் சாம்பார் ஊற்றுகிறவர்கூடக் கொஞ்சம் கம்மியாகத்தான் ஊற்றினார்.

விளம்பரத்தில் ஒரு சார்ஜுக்கு நூற்றுப்பத்து கிலோமீட்டர் என்று போட்டிருந்தார்கள். அது பொய்யென்று சொல்ல மாட்டேன். ஐம்பது கிலோ எடையுள்ள பிரம்மச்சாரி ஒருவர், எதிர்காற்று இல்லாத நாளில், மேடு இல்லாத ரோட்டில், யாரையும் முந்த ஆசைப்படாமல் போனால் அவ்வளவு வரலாம். நான் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பின்னால் மனைவி. மனைவி மடியில் சீர்வரிசைக் குத்துவிளக்கு. போக வர எண்பது கிலோமீட்டர், நூற்றுப்பத்து இருக்கிறதே என்ற தைரியம். போகும்போது கொஞ்சம் வேகமாகவே போனேன், முகூர்த்தம் முக்கியம் இல்லையா. திரும்பும்போது வாலாஜாபாத் தாண்டியதும் திரையில் ஒரு ஆமைப் படம் வந்தது. அழகாக இருக்கிறது என்று மனைவியிடம் காட்டினேன். ஐந்து நிமிஷத்தில் நாங்களே ஆமையானோம், அப்புறம் அதுவும் இல்லை.

ராத்திரி பத்தரை மணி. பக்கத்தில் ட்ரெய்லர் லாரிகள் புது கார்களை அடுக்கிக்கொண்டு வரிசையாகப் போகின்றன, ஒவ்வொன்றும் கடக்கும்போது மனைவியின் பட்டுப்புடவை ஒருமுறை பறந்து அடங்குகிறது. அவள் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை. அந்த மௌனத்தில் எனக்குக் கணக்கு ஓடியது. ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கிற சக்தி ஏறக்குறைய 9 யூனிட். என் பேட்டரி 3 யூனிட். இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள, வீட்டிலேயே விலை உயர்ந்த அந்தப் பெட்டிக்குள் இருப்பது மூன்றில் ஒரு லிட்டர் பெட்ரோல். ஒரு கோலி சோடா அளவு! நியாயமாகச் சொன்னால் பெட்ரோல் இன்ஜின் தனக்கு ஊற்றியதில் முக்கால்வாசியைச் சூடாகவே வீணடித்துவிடும், மோட்டார் அப்படிச் செய்யாது, அதனால்தான் அந்தச் சோடாவிலேயே எழுபது எண்பது கிலோமீட்டர் வந்துவிடுகிறோம். ஆனால் பெட்ரோல் காலியானால் இரண்டே நிமிஷத்தில் நிரப்பலாம். என்னுடையது நிரம்ப நாலு மணி நேரம், அதுவும் பிளக் இருந்தால். வாலாஜாபாத் ரோட்டுப் புளியமரத்தில் பிளக் இல்லை.

கடைசியில் செகண்ட் ஷிப்ட் முடித்து பைக்கில் வந்த ஒரு தம்பி நின்றார். "ஏறி உட்காருங்க அண்ணே, தள்ளிவிடுறேன்" என்று தன் இடதுகாலை நீட்டி என் வண்டியின் பின்பக்கத்தில் வைத்து, பதினெட்டு கிலோமீட்டர் உதைத்துக்கொண்டே வந்தார். மனைவி குத்துவிளக்கோடு அவர் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். அரேபியாவுக்கு ஒரு பைசா தர மாட்டேன் என்றவனை அரேபிய எண்ணெய் ஓரகடம் வரை எட்டி உதைத்துக் கொண்டுவந்து சேர்த்தது.

(சீர்வரிசைக் குத்துவிளக்கு ஏன் திரும்பி வந்தது என்று கேட்பீர்கள். கொடுக்க மறந்துவிட்டோம்.)

அடுத்தது கரண்ட் பில். தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்தில் ஒரு லட்சுமணக் கோடு உண்டு, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட். அதற்குள் இருந்தால் முதல் நூறு இலவசம், அடுத்த நூறு சலுகை விலை. 501 என்று ஒரு யூனிட் காலை வெளியே வைத்தால் அந்த அடுத்த நூறின் சலுகை பறிபோகும், அதனால் அந்த ஒற்றை யூனிட்டின் விலை மட்டும் இருநூறு ரூபாயைத் தாண்டிவிடும். பதினைந்து வருஷமாக என் மனைவி அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை. ஏசி எத்தனை மணிக்கு அணைய வேண்டும், கிரைண்டர் என்றைக்கு ஓட வேண்டும் என்று ஒரு நிதியமைச்சர் மாதிரி நிர்வாகம் பண்ணி 470, 480-ல் நிறுத்திவிடுவாள். அந்த வீட்டுக்குள் நான் தினம் ஒரு யூனிட் குடிக்கிற வண்டியைக் கொண்டுவந்து கட்டினேன். அடுத்த பில் 512. அவள் சீட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "இதைப் படிச்சுட்டு அரேபியாவுக்கு ஒரு லெட்டர் போடுங்க" என்றாள்.

அதோடு பத்தாவது படிக்கிற மகள் வேறு. "அப்பா, ராத்திரி சார்ஜ் போடறியே, அந்தக் கரண்ட் எதுல வருது?" என்றாள். அப்பன் சும்மா இருக்கலாமா, விளக்கினேன். ஆனி, ஆடி மாதங்களில் முப்பந்தலிலும் கயத்தாறிலும் காற்றாலைகள் சுற்றித் தள்ளும், பகலில் கமுதிப் பக்கம் சூரியத் தகடுகள். மார்கழி ராத்திரி? காற்றும் இருக்காது, வெயிலும் இருக்காது, பெரும்பாலும் நிலக்கரிதான். ஒடிசாவில் தால்ச்சர் சுரங்கத்தில் வெட்டி, ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், கப்பலில் ஏற்றி எண்ணூரில் இறக்குவார்கள், அது போதாமல் இந்தோனேசியக் கரியும் வரும். "அந்தக் கப்பல் எதுல ஓடும்பா?" என்றாள். எண்ணெயில் ஓடும். நான் சொல்லவில்லை, போய்ப் படி என்றேன்.

அன்று ராத்திரி பிளக்கைச் சொருகும்போது உறைத்தது. நானும் கரி வண்டிதான் ஓட்டுகிறேன். தாத்தா காலத்தில் அடுப்பு பஸ்ஸின் முதுகில் இருந்தது, என் காலத்தில் எண்ணூரில் இருக்கிறது. தாத்தாவாவது எழுந்து போய்க் கைப்பிடியைச் சுற்றினார்.

சரி, சூரியனையே நேரடியாகப் பிடித்துவிடுவோம் என்று 2024-ல் மாடிமேல் ஏறினேன். பிப்ரவரியில் அறிவித்த மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். இந்தத் தடவை பஞ்சாங்கம் பார்க்கவில்லை, மாமியாரிடம் சொல்லவும் இல்லை. மீதிப் பணத்துக்கு மனைவியின் இரண்டு வளையல் பேங்குக்குப் போனது. "வளையல் பத்திரமாகத்தான் இருக்கு, லாக்கர் வாடகை மிச்சம்" என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

தகடு வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, எங்கள் மாடியில் ஏற்கெனவே ஒரு சூரியசக்தி நிலையம் ஓடிக்கொண்டிருந்தது என்று. கூழ்வடாம், மோர்மிளகாய், மாவடு, மிளகாய்த்தூளுக்கு மிளகாய், துணிக்கொடி. மாமியார்தான் அதன் சேர்மன். முந்நூறு சதுர அடியை நான் ஆக்கிரமித்ததும் அவர் மேலே வந்து, நிழலில் கிடந்த வடாம் விரிப்பைப் பார்த்து, "கரண்ட் தயாரிச்சு அப்பளம் வாங்கிக்கலாம் மாப்பிள்ளை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

தகடு வேலை செய்கிறது, அதை மறைக்க மாட்டேன். நல்ல வெயிலில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் வரை வரும். ஆனால் எங்கள் ரோட்டில் போகிற லாரிகளின் புழுதி முழுக்கத் தகட்டின் மேல்தான் தவம் செய்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அதிகாலை மாப்பும் பக்கெட்டுமாக நான் மாடியில் நிற்பதைப் பார்த்து எதிர்வீட்டு அம்மா தன் கணவரிடம், "அவரைப் பாருங்க, மாடிகூடத் துடைக்கிறார்" என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் அதற்கப்புறம் என்னோடு பேசுவதில்லை.

அப்புறம் ஒரு சித்திரை மதியம், பன்னிரண்டரைக்கு, கரண்ட் போனது. நான் பதறவில்லை. சொல்லப்போனால் இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன். எதிர்வீட்டார், பக்கத்துவீட்டார் எல்லாம் விசிறியோடு வாசலுக்கு வர, நான் ஈசிச்சேரில் சாய்ந்து ஃபேனை நிமிர்ந்து பார்த்தேன். ஃபேன் என்னைக் குனிந்து பார்த்தது. சுற்றவில்லை. மாடியில் சூரியன் மண்டையைப் பிளக்கிறது, தகடு தகதகக்கிறது, வீட்டுக்குள் ஒரு ஸீரோ வாட் பல்புகூட எரியவில்லை. தகடு போட்டவருக்கு போன் போட்டேன். "கரண்ட் போனா இதுவும் ஆஃப் ஆயிடும் சார். இல்லேன்னா உங்க கரண்ட் லைனுக்குள்ள போய், போஸ்ட் மேல ஏறியிருக்கிறவரைத் தூக்கிடும். வாங்கும்போதே சொன்னேனே?" சொல்லியிருப்பார். நான் அப்போது மானியத் தொகையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருப்பேன். தனியாக பேட்டரி வைத்தால் ஓடும் என்றார். எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். சொன்னார். மனைவியின் கையில் மிச்சமிருந்த இரண்டு வளையலையும் பார்த்தேன். அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

சமையலறையிலும் ஒரு போர் நடந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சமையல் கேஸும் பாதிக்கு மேல் இறக்குமதிதானே என்று இண்டக்ஷன் அடுப்பு ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். மனைவி எதிர்ப்பே தெரிவிக்காமல் ஈயச்சொம்பைத் தூக்கி அதன் மேல் வைத்தாள். அடுப்பு கீ கீ என்று அழுதது. "ரசம் எதுல வைக்கட்டும்?" என்றாள். அந்த அடுப்பு இப்போது எனக்கு வெந்நீர் வைக்கப் பயன்படுகிறது, நானே வைத்துக்கொள்கிறேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று 2009 மாடல் பழைய பைக்கை விற்காமல் வைத்திருந்தேன். அதுவும் பழிவாங்கியது. பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலக்கிறார்கள் அல்லவா, 2030-க்கு என்று வைத்த இலக்கை முன்னால் இழுத்து 2025-லேயே எட்டிவிட்டார்கள். எண்ணெய் இறக்குமதியும் குறைகிறது, கரும்பு விவசாயிக்கும் காசு போகிறது, நல்ல காரியம்தான். ஆனால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. பழைய டூவீலர்களில் மைலேஜ் 3, 4 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக் குழுவே 2021 அறிக்கையில் எழுதியிருந்தது. மேலும் எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் ஜாதி. மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் அடியில் தண்ணீரோடு சேர்ந்து தனியாகப் பிரிந்து உட்கார்ந்துவிடும். ஸ்கூட்டர் படுத்த ஒரு நாள் பைக்கை உதைத்தேன். நாற்பது உதை. மெக்கானிக் கார்பரேட்டரைத் திறந்து மோந்து பார்த்து, "வண்டி தண்ணி போட்டிருக்கு சார்" என்றார்.

அதே அறிக்கையில் இன்னொரு கணக்கு. கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க, கரும்பு குடிக்கிற தண்ணீரையும் சேர்த்தால், ஏறக்குறைய 2,860 லிட்டர் தண்ணீர். எங்கள் தெருவுக்குக் கோடையில் தண்ணீர் லாரி வந்தால் நான் கைலியோடு ஓடுகிறவன், இந்தக் கணக்கைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை. கரும்பு போதாதென்று மக்காச்சோளத்துக்குப் போனார்கள். மக்காச்சோளம் வடிசாலைக்குப் போனதும் நாமக்கல் கோழிக்குத் தீவன விலை ஏறியது. முட்டைக்காரர் என்னிடம் விலை ஏற்றிச் சொன்னபோது நான் விவரமாக எத்தனால் கொள்கையை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முட்டை வேணுமா, வேணாமா?" என்றார்.

எண்ணெய்க்கு ஒரு கதவை அடைத்தால் இன்னொரு கதவில் வந்து நிற்கிறது. அல்லது அதன் பங்காளி யாராவது வந்து நிற்கிறான். என் ஸ்கூட்டர் பேட்டரிக்குள் இருக்கும் செல்கள் சீனச் சரக்கு. மோட்டாருக்குள் இருக்கும் காந்தத்துக்கான அரிய மண் உலோகங்களும் பெரும்பாலும் அங்கிருந்துதான். 2025 ஏப்ரலில் சீனா அந்தக் காந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டபோது இங்கே பெரிய பெரிய வண்டிக் கம்பெனிகளே கையைப் பிசைந்தன. எங்கள் கம்பெனியில் மட்டும் அன்று கேன்டீனில் ஒரு கேசரி எக்ஸ்ட்ரா. இன்னும் கொஞ்ச காலத்துக்கு பிராக்கெட் பிழைக்கும் என்ற சந்தோஷம். நானும் சாப்பிட்டேன். சார்ஜில் நின்ற என் வண்டியின் பக்கம் திரும்பாமல் சாப்பிட்டேன்.

மகள் ஒரு பிராஜெக்ட்டுக்காக என் ஸ்கூட்டரைச் சுற்றிவந்து நோட்டில் எழுதினாள். டயரில் செயற்கை ரப்பர், அதன் கறுப்புக்குக் கார்பன் பிளாக், சீட்டுக்குள் ஃபோம், பிளாஸ்டிக் பாடி, பெயின்ட், ஒயர் மேல் உறை, வண்டி ஓடுகிற தார் ரோடு, எல்லாமே கச்சா எண்ணெயின் பிள்ளைகள், பேரன்கள். "நீ பெட்ரோலை எரிக்கிறதைத்தான் விட்டிருக்கேப்பா. உட்கார்ந்திருக்கிறது அது மேலதான்" என்றாள். அவளுக்கு அந்த பிராஜெக்ட்டில் பத்துக்குப் பத்து கிடைத்தது. எனக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆனாலும் உங்களிடம் மறைப்பானேன். வண்டி நல்ல வண்டி. கிலோமீட்டருக்கு முப்பது காசுகூட ஆகவில்லை, பைக்குக்கு இரண்டு ரூபாய் ஆனது. சோலார் வந்த பிறகு பில் அந்த 500 கோட்டுக்கு வெகு கீழே போய்விட்டது. தோற்றது வண்டியும் அல்ல, தகடும் அல்ல. காஞ்சிபுரம் கல்யாணத்துக்கு எதை எடுத்துப்போவது, காய்கறிக்கு எதை எடுத்துப்போவது என்று தெரியாத ஒருவன். இதைக் கண்டுபிடித்தது என் மனைவி. ஒரு திங்கட்கிழமை அவளே சாவியை எடுத்துக்கொண்டாள். காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, சாயங்காலம் டியூஷன், எல்லாம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள். பகலில் வெயில் இருக்கும்போதே சார்ஜ் போட்டுவிடுகிறாள், எண்ணூர்க் கரியை எதிர்பார்ப்பதில்லை. அந்த வண்டி அவள் கைக்குப் போன பிறகு வெகுநாள் ஆமைப் படம் வரவே இல்லை. திரையில் அப்படி ஒன்று வரும் என்பதையே அவள் நம்பத் தயாராக இருக்கவில்லை, ஏதோ என் விசேஷத் திறமை என்று நினைத்தாள்.

வண்டி போன பிறகு நான் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறேன். சுத்தமான டீசல் பஸ்.

போன மாதம் செகண்ட் ஷிப்ட் முடிந்து வரும்போது பஸ்ஸில் தூங்கிவிட்டேன். ஓரகடத்தில் இறங்க வேண்டியவன் படப்பையில் கண்விழித்தேன். இரவு பன்னிரண்டேகால். போன் போட்டேன். அரைமணி நேரத்தில் வந்து நின்றாள். வண்டிக்குச் சத்தம் கிடையாதா, "ஏறுங்க" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டதும் நான் டீக்கடை பெஞ்சு மேல் ஏறிவிட்டேன். என் கையில் கம்பெனியில் தீபாவளிக்குக் கொடுத்த பத்து கிலோ அரிசி மூட்டை. முன்னால் வைத்துக்கொண்டாள். நான் பின்னால் உட்கார்ந்தேன்.

"சார்ஜ் எவ்வளவு இருக்கு?" என்றேன். எனக்கிருந்த அனுபவத்தில் கேட்டது.

"வீட்டுக்குப் போற அளவு இருக்கு. சாயங்காலமே எல்லா வேலையும் முடிச்சாச்சு, இந்த டிரிப் கணக்குல இல்ல."

ஓரகடம் மேம்பாலத்தின் அடிவாரம் வந்தது. வண்டி ஏற ஆரம்பித்ததும் வேகம் குறைந்தது, இன்னும் குறைந்தது. தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். திரையில் ஆமை. ஜென்மத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் பார்த்ததில்லை. "பாத்தியா, பாத்தியா!" என்று கத்தினேன்.

அவள் ஓரமாக நிறுத்தினாள். அரிசி மூட்டையை ஒரு தரம் பார்த்தாள், என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"நீங்க இறங்கி நடந்து வாங்க. மேட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கறேன்."

இறங்கினேன்.